செசப்பீக்கு விரிகுடாவின் தாய்நண்டுகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையிலே செசப்பீக்கு என்னும் நீண்ட விரிகுடா ஒன்றுண்டு. அதன் வடபாகம் மேரிலாந்து மாநிலத்துக்கும் தென்பாகம் வேர்ஜீனியா மாநிலத்துக்கும் உரியவை. ஆறுகள் வந்து கலப்பதால் வடக்கே நீரில் உப்புக் குறைவு. கடல்வாயை நெருங்க நெருங்க உப்பு மிகும். இவ்வேறுபாட்டைத் துணைக்கொண்டே அங்குள்ள நீலநண்டு தன் குலத்தைப் பெருக்குகின்றது. 1896ஆம் ஆண்டில் மேரி றத்பன் என்னும் விலங்கியல் அறிஞர் அதற்கு இட்ட பெயரின் பொருள், 'அழகாய் நீந்துவது, சுவைமிக்கது' என்பதாகும். அச்சுவையே அதற்கு வினையாயிற்று.

பெண்நண்டு பொதுவாகத் தன் வாழ்நாளில் ஒருமுறையே ஆணுடன் கூடும். கடைசியாக ஓடு கழற்றி உடல் மென்மையாக இருக்கும் வேளையே அதற்குரிய வேளை. அப்பொழுது பெற்ற விந்தைச் சேமித்துவைத்து, பின்னர் இடும் முட்டைகள் அனைத்துக்கும் அதனையே பயன்படுத்தும். கூடியபின் ஆண் வடக்கேயே தங்க, பெண் தெற்கு நோக்கிப் பயணமாகும். குளிர்காலத்தைச் சேற்றிற் புதைந்து கழித்து, கோடையிலே கடல்வாயருகில் முட்டையிடும்.

இங்கேதான் மனிதன் குறுக்கிட்டான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு வேர்ஜீனிய மீனவர், இரும்புப் பற்களையுடைய வாரிகளைப் படகிற் கட்டி, குளிர்காலச் சேற்றைக் கிளறி நண்டு பிடித்தனர். அகப்பட்டவற்றுட் பெரும்பாலானவை பெண்நண்டுகள், முட்டையிடுமுன்னரே மடிந்தவை. பெஞ்சமின் லூயிஸ் என்பவர் 1928இல் உரிமை பெற்று 1938இல் திருத்தியமைத்த கம்பிக்கூடு, கோடைப் பிடிப்பையும் பெருக்கிற்று.

ஒரு தாய் இருபது இலட்சம் முட்டை இடுமெனில், சில தாய்கள் எஞ்சினாற் போதாதா என்ற எண்ணம் அந்நாளில் வலுவாக இருந்தது. 1940களின் தொடக்கத்தில் கடல்வாயருகே கோடைகாலக் காப்பிடம் ஒன்று வகுக்கப்பட்டது. எனினும் குளிர்கால வாரி ஓயவில்லை. இதன் விளைவை 2002இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. 1990களில் முட்டையிடும் பெண்நண்டுகள், முந்திய சில ஆண்டுகளிலும் பார்க்க நூற்றுக்கு 80 அளவிற் குறைந்திருந்தன. அவற்றின் உருவமும் சிறுத்திருந்தது.

ஆண்நண்டின் நிலையும் கவலைக்குரியதே. 5 அங்குலத்துக்குக் குறைந்த ஆணைப் பிடிக்கலாகாது என்ற விதியால் பெரிய ஆண்களே பொறுக்கி எடுக்கப்பட்டன. எஞ்சிய சிறிய ஆண்களிடம் விந்து குறைவு. அடுத்தடுத்துக் கூடினால் இன்னும் குறையும். வாழ்நாளில் ஒருமுறையே பெறும் பெண்ணுக்கு அக்குறை பின்னர் நிரம்புவதில்லை.

ஈற்றில், 2008ஆம் ஆண்டில் வேர்ஜீனியா குளிர்கால வாரியை நிறுத்தியது. இரு மாநிலங்களும் பெண்நண்டுப் பிடிப்பை நூற்றுக்கு 34 குறைக்க முனைந்தன. வருவாய் இழந்த மீனவருக்கு மத்திய அரசு நிதியுதவி வழங்கிற்று. இரண்டே ஆண்டுகளில் நண்டு பெருகியது.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நண்டுத்தொகை ஏறத்தாழ 23 கோடியாக வீழ்ந்தது. 1990இற்குப் பின் அதுவே மிகக் குறைந்த தொகை. கடற்புல் அழிவும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கெளிற்றுமீனின் பெருக்கமும் காரணங்களாக ஐயுறப்படுகின்றன. பிடிப்பைக் கட்டுப்படுத்துவது மட்டும் போதாது. ஆனால் அதுவுமின்றேல் எதுவும் போதாது. முட்டையிட்டு முடியுமட்டும் தாய்நண்டுக்கு வழிவிடுதல், மீனவன் தன் மறுவருட வலைக்கு இடும் முதலாகும்.