கடம்பத்தூரும் ஒரு சட்டையும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரைத் தாண்டியதும் வருவது கடம்பத்தூர். அங்கே கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை, கொற்றவன் எவனும் குதிரையேறி வந்து கொடிநாட்டிய கதையும் இல்லை. ஆகவே நம் வரலாற்றுப் பாடநூல்களில் அவ்வூருக்கு இடமும் இல்லை! எந்த மன்னன் எந்த மன்னனின் ஊரை எரித்தான் என்பதை ஆண்டு பிசகாமல் மாணவர்க்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். ஆசிரியராகிய நாமும் அக்குற்றத்துக்கு உடந்தைதான். ஏழைப் பிள்ளையின் முதுகில் சட்டை ஏறியது எப்போது, எப்படி என்று கேட்டால் மட்டும் விழிக்கிறோம்.

சட்டை ஏறாதிருந்ததற்கு வறுமை மட்டுமா காரணம்? இல்லை, தோழர்களே! தடை இருந்தது. 1930 ஆம் ஆண்டின் இறுதியில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்க்கு எட்டுக் கட்டளைகளை விதித்தனர். ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி அணியலாகாது. சட்டையும் கூடாது, பனியனும் கூடாது. பெண்டிர் மார்பை மறைத்தலாகாது. குடையும் செருப்பும் ஆடவர்க்கு ஆகா. மறு ஆண்டு, 1931 இல், கட்டளைகள் எட்டு பதினொன்றாயின. புதிதாகச் சேர்ந்தவற்றுள் ஒன்று யாது தெரியுமா? அவர்தம் பிள்ளைகள் எழுத்துக் கற்கலாகாது என்பது! முதுகை மூடும் துணியையும் கையில் ஏறும் புத்தகத்தையும் ஒரே மூச்சில் தடுத்தார்கள். இரண்டுக்கும் இடையேயுள்ள உறவை, நம் கல்வி வல்லுநர்கள் உணர்வதற்கு முன்பே, அடக்க நினைத்தவன் உணர்ந்திருந்தான். தெற்கே திருவிதாங்கூரில், 1859 ஆம் ஆண்டின் அரச அறிவிப்பு வரும்வரை, மேலாடைக்காகப் பெண்கள் அடிபட்டதையும் நாம் அறிவோம்.

இந்தப் பின்னணியோடு கடம்பத்தூருக்கு வருவோம்.

1954 இல் காமராசர் முதலமைச்சரானார். அதே ஆண்டில் பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பேற்றவர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் பிறந்த இவர், தன்மான இயக்கக் கருத்துகளில் ஊறியவர். 1956 இல் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. வயிற்றுக்கு வழி பிறந்தது. முதுகோ வெறுமையாகவே இருந்தது. கட்டடமும் கரும்பலகையும் இல்லாத பள்ளிகள் எத்தனையோ. அரசின் பணப்பெட்டியோ சிறிது. 1958 இல், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கடம்பத்தூரில் கூடியது முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு.

முறை எளியது. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஆசிரியரும் ஊராரும் அமர்ந்து பட்டியல் எழுதுவர். கூரை, பலகை, கடிகாரம், நிலப்படம், தண்ணீர்ப் பானை, பிள்ளைகளுக்குச் சீருடை. யார் எதை ஏற்பது என்று ஊருக்குள்ளேயே முடிவாகும். பின்னர் பல ஊர்ப் பள்ளிகள் ஒன்றுகூடி அவற்றை மாநாட்டில் ஒப்படைக்கும். கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்துப் பெயர் பொறித்துக்கொள்ளப் பழகிய கைகளைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பியது சிறிய செயலன்று! அந்த அலை மாநிலமெங்கும் பரவியது.

ஆயினும் ஒன்று கேட்போம். கொடுத்தவர் பெயர் மேடையில் ஒலித்தது; வாங்கிக்கொண்ட சிறுவன் என்ன நினைத்திருப்பான்? கொடையாக வரும் துணிக்கு ஓர் அடையாளம் உண்டு. இலண்டன் மாநகரில் 1552 இல் தோன்றிய கிறைஸ்ட்ஸ் ஆஸ்பிடல் பள்ளியின் பிள்ளைகள் நீல நிற நீள்அங்கி அணிந்தனர். அதைப் பார்த்து எழுந்த அறப்பள்ளிகள் பலவற்றில், அந்நீலமே ‘இவன் பிறர் தயவில் படிப்பவன்’ என்று தெருவெல்லாம் பறைசாற்றிற்று. நம்மவர் விரும்பிய சீருடை அதற்கு நேர்மாறானது. பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே துணியில் அமர்ந்தால் எவன் எவன் என்று எவருக்குத் தெரியும்? அங்கே துணி ஏழையைக் காட்டியது. இங்கே ஏழ்மையை மறைத்தது.

கொடை சட்டமாவதற்குக் காலம் பிடித்தது. 1985 இல், சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஓர் இணைச் சீருடை என்று அரசே ஏற்றது. கூட்டுறவு நெசவாளர் நெய்த துணியை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்தன. பிள்ளைக்குச் சட்டை, தாய்க்குக் கூலி. 2012-13 கல்வியாண்டு முதல் ஓர் இணை நான்கு இணையாயிற்று.

ஒன்றுக்கும் நான்குக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று மேசைமுன் அமர்ந்து கணக்கிடுவோர் கேட்கக்கூடும். நம் தந்தையார் 1980களின் இறுதியில் படித்தவர். இருந்த ஒரே சட்டையை இரவில் துவைத்து அடுப்பங்கரைக் கொடியில் போடுவாராம். காலையில் ஈரத்தோடு அணிவாராம். ஐப்பசி மழையில் அது உலராது. உலராத நாள் பள்ளியில்லாத நாள்! வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று குறித்த ஆசிரியருக்கு அடுப்பங்கரைக் கொடி தெரிந்திருக்க நியாயமில்லை. கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையை விலையின்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், படிப்பை நிறுத்துவதும் இளவயது மணமும் குறைந்ததைக் கண்டு 2015 இல் வெளியிட்டனர். நம் தந்தையாரைக் கேட்டிருந்தால் இங்கேயே சொல்லியிருப்பார்.

இன்று திருவள்ளூர் தனி மாவட்டம், 1997 முதல். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகள் இரும்பை உருக்குகின்றன. மாவட்டத்தின் செங்கற் சூளைகளுக்கு ஆண்டுதோறும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, கோடை முடிந்ததும் திரும்புகின்றனர் உழைப்பாளர். பள்ளிக் கணக்கு சூனில் தொடங்குகிறது. சூளைக் கணக்கோ பொங்கலை ஒட்டித் தொடங்குகிறது. இரு கணக்கும் எங்கே ஒட்டும்?

சென்ற ஆண்டு சனவரியில் அப்படி வந்து சேர்ந்தாள் ஒரு சிறுமி. சீருடைப் பட்டியல் எப்போதோ அனுப்பப்பட்டுவிட்டது. அதில் அவள் பெயர் இல்லை. உடுத்தியிருந்த பாவாடையில் செம்மண். முதல் நாள் கடைசி வரிசையில் அமர்ந்தாள், மறுநாள் வரவேயில்லை. பள்ளியைவிட்டு நின்றுபோன ஒரு பெண்ணுக்கு வந்திருந்த இணை அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மாலையில் சூளைக்கு நடந்தோம். தோள் தொங்கியது, கை நீண்டிருந்தது. அவள் தாய் நம் மொழி அறியாதவர். சட்டையை வாங்கிப் பார்த்தார்; உள்ளே சென்று ஊசியும் நூலும் எடுத்துவந்து, வாசலிலேயே அமர்ந்து கையைப் பிடித்துத் தைக்கத் தொடங்கினார்.