காது கொடுத்தவர்களின் கதை - சமாரிட்டன்ஸ் வரலாறு

தொண்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது அன்னதானம், ரத்ததானம், ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும், அப்போதுதான் தொண்டு செய்ய முடியும் என்பது பொதுவான எண்ணம். பணமும் இல்லை, மருத்துவம் மாதிரி தனித்திறமையும் இல்லை என்றால் ஒருவர் என்னதான் கொடுக்க முடியும்?

1953-ல் லண்டனில் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தது பெரிய மருத்துவரோ அறிஞரோ அல்ல. ஒரு தேவாலயத்தில் காத்திருந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க வந்த சாதாரண மனிதர்கள்!

ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கு

சாட் வாரா 1911-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1935-ல் லிங்கன் நகரில் இளம் பாதிரியாராக வேலையைத் தொடங்கினார். அவர் நடத்தி வைத்த முதல் இறுதிச் சடங்கு ஒரு 14 வயதுச் சிறுமியுடையது. அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டிருந்தாள்.

காரணம் என்ன தெரியுமா? அவள் அப்போதுதான் பெரியவளாகி இருந்தாள். அது இயல்பான விஷயம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தனக்கு ஏதோ வெளியே சொல்ல முடியாத நோய் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால், இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கக் கூடிய பயம் அது. இந்த நிகழ்ச்சி வாராவை விடவே இல்லை. பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் போதெல்லாம் அவர் இந்தச் சிறுமியிடமிருந்துதான் தொடங்கினார்.

அதன் பிறகு அவர் இளைஞர்களுக்குப் பாலியல் பற்றி வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஒரு பாதிரியார் இப்படிப் பேசுவது பெரிய துணிச்சல். 1952-ல் பிக்சர் போஸ்ட் பத்திரிகையில் இது பற்றி அவர் எழுதியதும் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களில் சிலர் உயிரை விடும் எண்ணத்தில் இருந்தவர்கள். லண்டனில் மட்டும் நாளொன்றுக்கு மூன்று பேர் தற்கொலை செய்து கொள்கிறார்கள் என்ற செய்தியையும் அவர் படித்தார். 1937 முதல் லண்டனில் தீ, திருட்டு, ஆபத்து என்றால் 999 என்ற எண்ணை அழைக்கலாம். வாழப் பிடிக்காதவர் எந்த எண்ணை அழைப்பார்? இதுதான் வாராவின் கேள்வி.

தூசி படிந்த தொலைபேசி

1953-ல் லண்டனின் நடுவில் இருந்த செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயம் அவர் பொறுப்புக்கு வந்தது. 17-ம் நூற்றாண்டில் கிறிஸ்டோபர் ரென் என்ற புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த தேவாலயம் இது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சேதமாகி இருந்தது. சுற்றிலும் வங்கிகளும் அலுவலகங்களும்தான், குடியிருப்பவர்கள் மிகக் குறைவு. அதனால் பாதிரியாருக்கு நேரம் நிறைய இருந்தது. வாராவுக்கு வேண்டியதும் அதுதான்.

எளிதில் நினைவில் நிற்கும் தொலைபேசி எண் ஒன்று வேண்டும், மேன்ஷன் ஹவுஸ் இணைப்பகத்தில் 9000 கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் ஆசைப்பட்டார். தொலைபேசித் துறையை அழைத்துக் கேட்டபோது, "நீங்கள் இப்போது எந்த எண்ணிலிருந்து பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்களாம். கருவியில் படிந்திருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தால், அந்த எண்ணே 9000! இது வாராவே பல முறை சொன்ன கதை. 1953 நவம்பர் 2-ம் தேதி முதல் அழைப்பு வந்தது. அந்தக் கருப்புத் தொலைபேசி பின்னாளில் அதே தேவாலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டது.

அந்த டிசம்பரில் டெய்லி மிரர் நாளிதழ் இந்தச் சேவையைப் பற்றி எழுதியபோது, பைபிளில் வரும் நல்ல சமாரியனின் பெயரைச் சூட்டியது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மதம், இனம் பார்க்காமல் தூக்கி எடுத்தவன் அந்தச் சமாரியன். பெயர் ஒட்டிக் கொண்டது. ஆனால் சமாரிட்டன்ஸ் ஒரு மத அமைப்பு அல்ல. அழைப்பவரிடம் மதம் பேசக் கூடாது என்பது அவர்களுடைய கண்டிப்பான விதி.

டீ கொடுத்தவர்கள்

தொடக்கத்தில் வாராவின் திட்டம் வேறு. துன்பத்தில் இருப்பவர்கள் அழைப்பார்கள் அல்லது நேரில் வருவார்கள், பயிற்சி பெற்ற அவரே ஒவ்வொருவருக்கும் ஆலோசனை சொல்வார். இதுதான் திட்டம். பத்திரிகைச் செய்தியைப் பார்த்துக் கூட்டம் வந்தது. கூடவே உதவி செய்கிறோம் என்று பலர் வந்தார்கள். அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது? காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுங்கள், பேச்சுத் துணையாக இருங்கள் என்றார் வாரா.

இங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. டீ குடித்தபடி அந்தத் தொண்டர்களிடம் மனம் விட்டுப் பேசிய பலர், வாராவைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார்கள். "இனி அவரைப் பார்க்க வேண்டியதில்லை, பேசியதே போதும்" என்ற நிம்மதியோடு போனார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்பட்டது ஆலோசனை அல்ல, குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரு மனிதர் என்பது வாராவுக்குப் புரிந்தது.

வேறு யாராவது இருந்தால் தன் முக்கியத்துவம் குறைகிறதே என்று நினைத்திருப்பார்கள். வாரா அப்படி நினைக்கவில்லை. 1954 பிப்ரவரியில் தொலைபேசியைத் தொண்டர்கள் கையிலேயே ஒப்படைத்தார். அந்த அமைப்பின் உண்மையான பிறந்த நாள் அதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

கேட்பது சுலபமா?

காது கொடுப்பது யாருக்கும் வரும் என்று தோன்றலாம். உண்மையில் அது கடினம். நண்பன் ஒருவன் கஷ்டத்தைச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "இதுக்கெல்லாம் போய் கவலைப்படுவாங்களா", "என் கதையைக் கேட்டா நீ என்ன சொல்லுவ" என்று ஆரம்பித்துவிடுகிறோம். சமாரிட்டன்ஸ் தொண்டர்கள் முதலில் விட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

அறிவுரை சொல்லக் கூடாது. தீர்ப்பு வழங்கக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. "உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேட்கத் தயங்கக் கூடாது. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடும் என்பது தவறான நம்பிக்கை, கேட்பது அவருக்குப் பேச வழி திறக்கும் என்கிறார்கள் இத்துறை ஆய்வாளர்கள். தொண்டு செய்ய வருகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கொள்வதும் இல்லை. தேர்வு உண்டு, பயிற்சி உண்டு, அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருந்து கவனிப்பதும் உண்டு. ஆசிரியர், ஓட்டுநர், குடும்பத் தலைவி, கல்லூரி மாணவர் என்று யார் வேண்டுமானாலும் இதில் தேறலாம்.

ஊர் ஊராக

1959-ல் எடின்பரோவில் அடுத்த கிளை வந்தது. பிறகு ஊருக்கு ஊர் கிளைகள், அந்தந்த ஊர்க்காரர்களே தொண்டர்கள், நிதி திரட்டுவதும் அவர்களே. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கிளைகளின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. 1974-ல் மற்ற நாடுகளின் அமைப்புகளை இணைக்க பிஃப்ரெண்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு உருவானது. அதே ஆண்டு இலங்கையில் சுமித்ரயோ தொடங்கப்பட்டது.

இவர்கள் வேலையைத் தொடங்கிய காலத்தில் இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி ஒரு குற்றம். பிழைத்தவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும், சிலர் சிறைக்கும் போனார்கள். 1961-ல்தான் அந்தச் சட்டம் மாறியது. இந்தியாவில் இன்னும் அதிக காலம் ஆனது. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ம் பிரிவு இடம்பெறவில்லை.

ஒரு கசப்பான பாடம்

1960-களில் இங்கிலாந்தில் தற்கொலைகள் குறைந்தன. சமாரிட்டன்ஸ் கிளை உள்ள ஊர்களில் அதிகம் குறைந்திருக்கிறது என்று 1968-ல் ஓர் ஆய்வு சொன்னது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 1970-களின் பிற்பகுதியில் வந்த இன்னோர் ஆய்வு, அப்படி ஒரு வித்தியாசமே தெரியவில்லை என்றது. நாடு முழுக்க எண்ணிக்கை குறைந்ததற்கு முக்கியக் காரணம், வீடுகளுக்குக் குழாயில் வந்த சமையல் வாயுவில் நச்சுத்தன்மை நீங்கியதுதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அப்படியானால் தொண்டர்கள் செய்தது வீணா? இல்லை. அந்த நேரத்தில் நெருங்கி இருந்த ஆபத்து விலகியதும் ஏராளமானோர் வாழ்ந்தார்கள் என்பதே, அந்த எண்ணம் நிலையானது அல்ல என்பதைக் காட்டுகிறது. கடக்க வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது, அந்த நேரத்தில் ஒரு துணை வேண்டும். அதே சமயம் காது கொடுப்பது மட்டும் போதாது, கேட்டதை வைத்துச் சூழ்நிலையையும் மாற்ற வேண்டும் என்பதும் இதில் இருக்கும் பாடம்.

சென்னையில் ஸ்நேகா

இந்த இரண்டாவது பாடத்தைச் செய்து காட்டியது சென்னை. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் ஸ்நேகாவைத் தொடங்கினார். சிநேகம் என்றால் நட்பு, அதுவே பெயர். சமாரிட்டன்ஸ் போலவே இங்கும் பேசுவது பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

ஆண்டுதோறும் தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களின் அழைப்புகள் கூடின. ஒரு பாடத்தில் தோற்றால் ஒரு வருடம் போய்விடும் என்ற பயம் அவர்களை வாட்டியது. தோற்றவர்கள் அந்த ஆண்டே மறுபடி எழுத வாய்ப்பு வேண்டும் என்று ஸ்நேகா வலியுறுத்தியது. தமிழகத்தில் உடனடித் தேர்வு முறை வந்தது. இன்று அது சாதாரண விஷயமாகத் தெரிகிறது. அதன் பின்னால் பெயர் தெரியாத பிள்ளைகளின் அழுகையைக் கேட்ட தொண்டர்களும் இருக்கிறார்கள்.

கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கும் சோதனைத் திட்டம் பற்றிய ஆய்வு 2013-ல் வெளியானது. 2004 சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரை மக்களிடையேயும், தமிழகத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாம்களிலும் இதே முறையில் தொண்டர்களைக் கொண்டே வேலை நடந்தது. முகாம்களில் அகதிகளே பயிற்சி பெற்றுத் தொண்டர்களாகி, தங்கள் அண்டை வீட்டாரைத் தேடிப் போய்ப் பேசினார்கள்.

முடிவாக

2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். இவர்களில் 13,044 பேர் மாணவர்கள். லிங்கன் நகரத்துச் சிறுமியைப் போல, கேட்க ஓர் ஆள் இல்லாதவர்கள் இவர்களில் எத்தனை பேரோ?

சாட் வாரா 2007-ல் 95 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில், தான் தொடங்கிய அமைப்பு அதன் முதல் நோக்கத்திலிருந்து விலகுகிறது என்று அவருக்கு வருத்தமும் இருந்தது. ஆனாலும் அவர் விட்டுச் சென்ற கண்டுபிடிப்பு மாறவில்லை. வகுப்பில் திடீரென்று பேச்சைக் குறைத்துக் கொண்ட ஒருவரிடம், "என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கும் வரை சும்மா இருப்பதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

(மனம் உடைந்து இருப்பவர்களும், அவர்களுக்குத் துணையாக இருப்பவர்களும் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.)