டோல் வரிசையில் பிறந்த மரபுரிமை

பினாங்குப் பாலத்தின் டோல் சாவடியில் லாரியும் பஸ்ஸும் ஒருங்கே காத்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அப்பாலம் 1985-இல் திறக்கப்பட்டது. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்னரே, 1966-இன் இறுதியில், ஆஸ்லோவிலுள்ள நார்வேக் கணிப்பு நிலையத்து அறிஞர்களான ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் இத்தகைய வரிசையொன்றைக் கணினிக்கு எவ்வாறு எழுதிக் காட்டுவது என ஆராய்ந்தனர். லாரிக்குச் சரக்கு, பஸ்ஸுக்குப் பயணிகள். ஆயினும் வரிசையில் நிற்கும் தன்மை இரண்டிற்கும் பொது. அதனை இருமுறை எழுதுவானேன்?

பொதுத்தன்மையை ஒரு வகுப்பாக வகுத்து, அதன் பெயரை லாரி, பஸ் எனும் வகுப்புகளுக்கு முன்னே ஒட்டினர். முன்னொட்டுப் பெற்ற வகுப்பு தாய்வகுப்பின் இயல்பனைத்தையும் பெற்று, தன் சிறப்பையும் கூட்டிக்கொண்டது. டோல் எவ்வளவு என்னும் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு வகுப்பும் தனக்குரிய விடையைத் தரவும் வழி செய்தனர். 1967-இல் உருவான 'சிமுலா 67' என்னும் நிரல்மொழி இம்முறையைக் கொண்டிருந்தது.

'மரபுரிமை' என்ற பெயர் பின்னர் வழங்கலாயிற்று. அது முற்றும் பொருந்துவதன்று. தந்தையின் நிலம் பிள்ளைகளிடையே துண்டாகும். தாய்வகுப்போ எதனையும் இழப்பதில்லை. தொல்காப்பிய மரபியலில் உயிர்களை வகுத்த முறையே இதற்கு நெருங்கிய உவமை: தொடுவுணர்வு மட்டுமுடைய புல் மரம் தொடங்கி, முன்னையவற்றின் அறிவோடு படிதோறும் ஓரறிவு கூட, ஆறாவதாகிய மனத்தோடு மக்கள் நிற்கின்றனர்.