கடல் விலகிய கரையில்: சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்களின் தடங்கள்

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில், மலாய்த் தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டி அமைந்த சிறு தீவு சிங்கப்பூர். வடக்கே ஜொகூர் நீரிணை அதனை மலேசியாவினின்றும் பிரிக்கிறது. தெற்கே சிங்கப்பூர் நீரிணைக்கு அப்பால் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள் கிடக்கின்றன. முதன்மைத் தீவைச் சுற்றி அறுபதுக்கும் மேற்பட்ட குறுந்தீவுகள் உள்ளன. நாட்டின் மிக உயர்ந்த இடமான புக்கித் தீமா குன்றின் உயரம் 164 மீட்டர் மட்டுமே. பேராறுகள் இல்லை, கனிவளம் இல்லை, பரந்த வயல்கள் இல்லை. மலாக்கா நீரிணையும் தென்சீனக் கடலும் சந்திக்கும் வாயிலில் அமைந்திருக்கும் இருப்பிடமே இத்தீவுக்கு இறைவன் அளித்த செல்வம்.

இந்நகர நாட்டைப் பற்றிப் பேசுவோர் அதன் துறைமுகத்தையும் வானளாவிய கட்டடங்களையும் வியந்து பேசுவர். நாம் இங்கே கருத விரும்புவது அதன் மண்ணைப் பற்றியது. 1960இல் சிங்கப்பூரின் நிலப்பரப்பு ஏறத்தாழ 581 சதுரக் கிலோமீட்டர். இன்று 735 சதுரக் கிலோமீட்டருக்கும் மேல். கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் நாட்டின் பரப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கரையே இடம்பெயர்ந்துவிட்ட ஒரு நாட்டில், பழைய கரையில் வந்திறங்கியோரின் நினைவு எங்கே நிற்கும்? அவ்வாறு வந்திறங்கியோருள் நம் முன்னோரும் இருந்தனர். ஆகவே இவ்வினா நமக்கு அயலானதன்று.

1819ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சர் ஸ்டாம்போர்டு ராஃபிள்ஸ் இத்தீவில் கரையிறங்கினார். பிப்ரவரி 6ஆம் நாள் சுல்தான் ஹுசைன் ஷாவுடனும் தெமெங்கோங் அப்துர் ரஹ்மானுடனும் உடன்படிக்கை செய்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிப நிலையத்தை நிறுவினார். சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற செய்தி கிழக்குக் கடலெங்கும் பரவியது. 1824இல் எடுக்கப்பட்ட முதற் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10,683. அவர்களுள் மலாயர் 4,580, சீனர் 3,317, பூகிஸ் மக்கள் 1,925, இந்தியர் 756, ஐரோப்பியர் 74, ஆர்மீனியர் 16, அரபியர் 15. அன்று மலாயரும் பூகிஸ் மக்களும் சேர்ந்து பெரும்பான்மையினராக இருந்தனர் என்பதையும், ஆகவே முஸ்லிம்களே மிகுந்த ஊராகத்தான் இது தொடங்கியது என்பதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ராஃபிள்ஸின் ஆணைப்படி 1822இல் வகுக்கப்பட்ட நகர வரைபடத்தில் ஒவ்வொரு சமூகத்தாருக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அரபுக் கம்பம், பூகிஸ் கம்பம், சீனக் கம்பம் ஆகியவற்றோடு ‘சூலியாக் கம்பம்’ என்ற பெயரும் அதில் காணப்படுகிறது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களை மலாய் நாட்டில் குறித்த பெயர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய பட்டினங்களிலிருந்து புறப்பட்ட இவர்களுக்கு மலாக்காவும் பினாங்கும் முன்பே பழகிய ஊர்கள். பினாங்கில் இவர்களுடைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இலேயே தோன்றிவிட்டது. சிங்கப்பூரில் இவர்கள் வணிகராகவும், நாணயம் மாற்றுவோராகவும், ஆற்றில் சரக்குத் தோணி செலுத்துவோராகவும், துறைமுகத் தொழிலாளராகவும் வாழ்ந்தனர்.

அக்காலச் சிங்கப்பூரைக் கண்ணால் கண்டு எழுதிய முன்ஷி அப்துல்லாஹ்வும் இம்மரபின் கிளையே. யமன் நாட்டு அரபியரான அவருடைய கொள்ளுப்பாட்டனார் நாகூரில் குடியேறி மணம் புரிந்தவர். மலாக்காவில் பிறந்த அப்துல்லாஹ் தமிழையும் முறையாகக் கற்றார். 1849இல் வெளிவந்த அவருடைய ‘ஹிக்காயத் அப்துல்லாஹ்’ நவீன மலாய் உரைநடையின் தொடக்க நூலாகப் போற்றப்படுகிறது.

இனி அவர்கள் கட்டியவற்றை நோக்குவோம். ‘தெலுக் ஆயர்’ என்னும் மலாய்ப் பெயரில் தெலுக் என்பது விரிகுடாவையும், ஆயர் என்பது நீரையும் குறிக்கும். இன்று அப்பெயர் தாங்கிய சாலையில் நின்று பார்த்தால் நீரின் சுவடே தெரியாது. உயர்ந்த அலுவலகக் கட்டடங்களே நாற்புறமும் நிற்கின்றன. ஆனால் 1820களில் அலை வந்து மோதிய கரை அதுவே. கப்பலிலிருந்து இறங்கியோர் முதலில் மிதித்த மண் அது. 1827இல் அங்கே ஓலைக் கூரையின் கீழ் ஒரு தொழுகையிடம் அமைந்தது. மக்கள் அதனைக் ‘குச்சுப் பள்ளி’ என்று அழைத்தனர். 1850களில் செங்கல் கட்டடமாக எழும்பிய அதுவே இன்றைய அல் அப்ரார் பள்ளிவாசல்.

அதே சாலையில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்கா கட்டப்பட்டது. நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்த இக்கட்டடத்தில் கபறு கிடையாது. கடற்பயணத்தில் காவலாகக் கருதிப் போற்றிய பெரியாரின் நினைவைக் கரையேறிய இடத்தில் நிறுவிக்கொண்டனர் அம்மக்கள். சற்றுத் தள்ளி, பாதுகாப்பாய்க் கரைசேர்ந்த சீனர் தங்கள் கடல் தெய்வத்திற்கு 1840ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தியான் ஹொக் கெங் கோயிலைக் கட்டினர். ஒரே கரையில் இரு சமூகத்தாரும் கடலைக் கடந்த நன்றியைத் தத்தம் வழியில் தெரிவித்துக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசல் 1826ஆம் ஆண்டளவில் அன்சார் சாஹிப் என்பவரின் தலைமையில் தோன்றியது. இன்று நாம் காணும் கட்டடம் 1835இல் நிறைவு பெற்றது. சாலையை நோக்கிய முகப்பில் ஏழடுக்குகள் கொண்ட இரு எண்கோண மினாராக்கள் நிற்கின்றன. அவற்றின் அமைப்பு நம் கடற்கரைப் பட்டினங்களை நினைவூட்டுகிறது. உள்ளே செல்வோரோ ஐரோப்பியப் பாணியில் அமைந்த தூண்களைக் காண்பர். முகப்பு தெருவின் ஒழுங்கிற்கு ஏற்ப நிற்க, தொழுகைக்கூடம் கிப்லாவை நோக்கிச் சற்றே திரும்பி நிற்கிறது. குடியேறிய நாட்டின் ஒழுங்கை ஏற்று, தம் திசையை இழக்காது வாழ்ந்த ஒரு சமூகத்தின் இயல்பைக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

பிற பள்ளிவாசல்களையும் இவ்வரிசையில் காண வேண்டும். பாலம்பாங்கிலிருந்து வந்த சையித் உமர் அல்ஜுனைத் 1820இல் நிறுவிய உமர் கம்போங் மலாக்கா பள்ளிவாசலே நாட்டின் மிகப் பழையது. கம்போங் கிளாமில் உள்ள சுல்தான் பள்ளிவாசலின் முதற்கட்டடம் 1820களைச் சேர்ந்தது. இன்றைய கட்டடம் அயர்லாந்துக் கட்டடக்கலைஞர் டெனிஸ் சான்ட்ரியின் வடிவமைப்பில் உருவாகி 1932இல் நிறைவுற்றது. அதன் பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் வரிசையாகப் பதிக்கப்பட்ட கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள் ஏழை மக்கள் அளித்த கொடை. லிட்டில் இந்தியாப் பகுதியில் டன்லப் தெருவில் உள்ள அப்துல் கபூர் பள்ளிவாசல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் முகப்பிலுள்ள கதிரவன் வடிவில் 25 கதிர்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தணியில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்நகருக்கு 2024இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 65 லட்சம் பயணிகள் வந்தனர். 1859இல் நிறுவப்பட்டு 2015இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட தாவரவியல் பூங்கா, 1973இல் திறக்கப்பட்ட விலங்குப் பூங்கா, செந்தோசாத் தீவு, சிங்கமுகமும் மீனுடலும் கொண்ட மெர்லயன் சிலை, 2010இல் திறக்கப்பட்ட மரினா பே சாண்ட்ஸ், 2012இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்கள் ஆகியவை அவர்களை ஈர்க்கின்றன. இவற்றுள் இறுதி இரண்டும் தூர்க்கப்பட்ட நிலத்தில் நிற்பவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெலுக் ஆயர் விரிகுடாவைத் தூர்த்ததில் தொடங்கி, கரை மேலும் மேலும் கடலை நோக்கித் தள்ளப்பட்டது. 2008இல் மரினா அணை கட்டி முடிக்கப்பட்ட பின், ஆற்று முகத்துவாரமே நன்னீர்த் தேக்கமாயிற்று. நம் தோணிக்காரர்கள் துடுப்பு வலித்த உவர்நீர் இன்று குடிநீருக்கு ஆதாரமாகிவிட்டது.

இத்துணை மாற்றத்திற்கிடையே அல் அப்ராரும் நாகூர் தர்காவும் ஜாமிஆவும் எவ்வாறு எஞ்சின? பக்தி மட்டுமே காரணம் என்று கூறிவிட இயலாது. தர்கா நின்ற நிலம் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டபோதே, வழிபாட்டிடம் கட்டுவதைத் தவிர வேறு காரியத்திற்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. 1905இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளை மேற்பார்வையிடச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1966இல் நிறைவேறிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி 1968இல் ‘மூயிஸ்’ எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் அமைந்து, வக்ஃபுகள் அதன் பொறுப்பில் வந்தன. நினைவுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் 1971இல் தோன்றியது. மேற்கூறிய மூன்று கட்டடங்களும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. எழுத்தில் பதிந்த உரிமையும், பொறுப்பேற்ற நிர்வாகமும், சட்டத்தின் காவலும் ஒன்று சேர்ந்ததாலேயே அவை நிலைத்தன.

ஆவணமும் பாதுகாப்பும் இல்லாதவை அவ்வாறு நிலைக்கவில்லை. சூலியாக் கம்பம் இன்று சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயரில் மட்டுமே வாழ்கிறது. வங்கிக் கட்டடங்கள் நிற்கும் அத்தெருவில் அப்பெயரின் பொருளை அறிந்து நடப்போர் சிலரே. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்திற்குப் பின் கிராமங்கள் கலைந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தபோது, அக்கிராமங்களிலிருந்த சிறு பள்ளிகள் பலவும் மறைந்தன. அவ்விழப்பை ஈடுசெய்ய 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. முஸ்லிம் ஊழியர் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகைகளைக் கொண்டு 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. தொடர்ந்து புதிய குடியிருப்பு நகரங்கள்தோறும் பள்ளிவாசல்கள் எழுந்தன.

மையவாடிகளின் நிலை இன்னும் சிந்திக்கத் தக்கது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட பிடாடாரி மையவாடியின் கபறுகள் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அகழப்பட்டன. அங்கே இப்போது குடியிருப்பு நகரம் உருவாகியுள்ளது. 1998இல் நடைமுறைக்கு வந்த கொள்கைப்படி ஒரு கபறுக்குரிய காலம் 15 ஆண்டுகளே. அதன் பின் எச்சங்கள் எடுக்கப்பட்டு, முஸ்லிம்களாயின் ஒரே குழியில் எட்டுப் பேர் வரை மீண்டும் அடக்கப்படுகின்றனர். உயிருள்ளோருக்கே இடம் போதாத நாட்டில் இதனைத் தவிர்க்க இயலாத ஏற்பாடாக அங்குள்ள முஸ்லிம்கள் ஏற்றுக்கொண்டுள்ளனர். ஆயினும், பாட்டனாரின் மீஸான் கல்லைக் கொண்டு குடும்ப வரலாற்றை அறியும் வழி அங்கே அடைபட்டுவிட்டது என்பதை மறுக்க இயலாது.

2025ஆம் ஆண்டின் நடுவில் சிங்கப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 61 லட்சம். அவர்களுள் 42 லட்சம் பேர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஆவர். எஞ்சியோர் வேலை, படிப்பு முதலிய காரணங்களால் தங்கியிருப்போர். குடிமக்களும் நிரந்தரவாசிகளுமான மக்களில் சீனர் நான்கில் மூன்று பங்கினர். மலாயர் நூற்றுக்குப் பதின்மூவருக்குச் சற்று மேல். இந்தியர் நூற்றுக்கு ஒன்பதின்மர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்டோரில் முஸ்லிம்கள் 15.6 விழுக்காடு. தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. எனினும் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்து, 2020இல் 2.5 விழுக்காடாகக் குறைந்துள்ளனர். ஆங்கிலம் ஒருபுறம் தமிழின் இடத்தைப் பெற, மணவுறவால் மலாய்ச் சமூகத்தோடு கலந்த குடும்பங்களில் மலாய் மற்றொருபுறம் அவ்விடத்தைப் பெற்றுள்ளது.

இந்நிலையில் தமிழ் முஸ்லிம்கள் அங்கே தமிழுக்கு ஆற்றிய பணியை எண்ணிப் பார்க்க வேண்டும். நாகூர் முகம்மது அப்துல் காதிர் இயற்றிய ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872இல் சிங்கப்பூரில் அச்சேறியது. அங்கு அச்சான தமிழ் நூல்களுள் அறியப்பட்டவற்றில் மிகப் பழையது அது. மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ இதழ் 1887 முதல் 1890 வரை வெளிவந்தது. கடையநல்லூரிலிருந்து குடியேறிய தொழிலாளர் 1941இல் முஸ்லிம் லீக் என்ற பெயரில் ஒரு சங்கம் கண்டு, 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினர். அப்பள்ளி 1982இல் மூடப்பட்ட பின்னரும், 1983இல் தோன்றிய தமிழ்மொழி நிலையத்திற்கு உமறுப் புலவரின் பெயரே சூட்டப்பட்டது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைச் சொல்லி எல்லாச் சமயத்துத் தமிழ் மாணவரும் அங்கே கற்றனர் என்பது நாம் பெருமை கொள்ளத் தக்க செய்தி.

நாகூர் தர்கா 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. அங்கே செல்வோர் வரலாற்றைக் கற்றுத் திரும்புகின்றனர். ஜாமிஆவிலோ ஐவேளைத் தொழுகை தொடர்கிறது; ஜுமுஆ குத்பா தமிழில் ஒலிக்கிறது. இரண்டும் காக்கப்பட்டவையே, ஆனால் ஒன்று நினைவாகவும் மற்றது வாழ்வாகவும் காக்கப்பட்டுள்ளது. சுவரையும் மினாராவையும் அரசின் சட்டம் காக்கும். குத்பாவைக் கேட்டுப் பொருளுணரும் காதுகளை எந்தச் சட்டமும் காக்க இயலாது. அதனை வீடுகளே காக்க வேண்டும்.

இவ்விடத்தில் தாயகக் கரையிலுள்ள நமக்கும் ஒரு கடமை உண்டு. கபறும் கம்பமும் மறைந்த நாட்டின் வரலாற்றிற்கு இக்கரையில் எஞ்சியிருக்கும் கடிதங்கள், கணக்கேடுகள், நிக்காஹ் பதிவுகள், பயணச் சீட்டுகள் ஆகியவையே துணைச் சான்றுகள். நம் கடற்கரைப் பட்டினங்களிலும் கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களிலும் பழைய பெட்டிகளில் கிடக்கும் அத்தாள்களைத் திரட்டிப் படியெடுத்து வைப்பது இன்று செய்யக்கூடிய பணி. அக்கரையில் நிலம் காத்தது ஓர் ஆவணத்தின் நிபந்தனை. இக்கரையிலும் ஆவணம் காப்போரே வரலாறு காப்போர் ஆவர்.