பாதரச மின்கலமும் பழைய காமிராவும்

உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பிலிம் காமிரா ஒன்று கிடக்கிறதா? தூசி தட்டிப் புது மின்கலம் போட்டால் ஒளிமானியின் முள் அசையக்கூடும். அது காட்டும் அளவை நம்பிப் படமெடுத்தால் பிலிம் வீணாகலாம். குறை காமிராவில் இல்லை, மின்கலத்தில்!

இரண்டாம் உலகப் போரின்போது வெப்ப நாடுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படையினரின் உலர் மின்கலங்கள் விரைவில் கெட்டன. இதற்கு மாற்றாகச் சாமுவேல் ரூபன் துத்தநாகமும் மெர்க்குரிக் ஆக்சைடும் கொண்ட மின்கலத்தை உருவாக்கினார். இதன் மின்னழுத்தம் 1.35 வோல்ட், தீரும் தறுவாய்வரை ஏறக்குறைய மாறாது. 1960-களில் காட்மியம் சல்பைடு ஒளிமானிகள் காமிராவுக்குள் புகுந்தபோது, பலர் இந்த நிலைத்தன்மையை நம்பி, அழுத்தத்தைச் சீராக்கும் சுற்று எதையும் வைக்கவில்லை.

ஆனால் பாதரசம் நஞ்சு. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவில் கலந்த பாதரசம் மீன் வழியாக மக்களைத் தாக்கியது 1956-இல் வெளிப்பட்டது. 1996-இல் அமெரிக்கா மெர்க்குரிக் ஆக்சைடு பொத்தான் மின்கலங்களைத் தடை செய்தது. இன்று அதே குழியில் பொருந்தும் காரமின்கலம் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்குகிறது. ஓம் விதியை நினைவுகூருங்கள்: அழுத்தம் கூடினால் மின்னோட்டமும் கூடும். முள் இல்லாத வெளிச்சத்தைக் காட்ட, படம் இருண்டுபோகும்.

1964-இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மாட்டிக் இதற்கு விலக்கு. அதில் இருப்பது வீட்ஸ்டன் சமனச்சுற்று. சமநிலையில் முள் நடுவில் நிற்பது மின்தடைகளின் விகிதத்தைப் பொறுத்ததே. மின்கலம் எத்தனை வோல்ட் என்பது பொருட்டன்று. பள்ளி ஆய்வகத்தில் அலுப்போடு செய்த சோதனைக்கு இப்படியும் ஒரு பயன்!

மற்றக் காமிராக்களுக்கு என்ன வழி? காது கேட்கும் கருவிக்கான துத்தநாகக் காற்று மின்கலம் 1.4 வோல்ட் தரும். ஆனால் ஒட்டுத்தாளைப் பிரித்துவிட்டால் சில வாரங்களில் உலர்ந்துவிடும். 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு மின்கலத்துடன் ஷாட்கி டையோடு ஒன்றைத் தொடரிணைப்பில் சேர்த்தால் சுமார் 0.2 வோல்ட் குறையும். என் பார்வையில் இதுவே மேல். உள்ளே பழைய பாதரச மின்கலம் இருந்தால் உடைக்காதீர்கள், நெருப்பில் போடாதீர்கள். தொடுமுனையில் காரம் கசிந்து படிந்திருந்தால், பஞ்சில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடையுங்கள்.

பிறகு நல்ல வெயிலில் சோதியுங்கள். பிலிம் வேகம் 100 என்றால், எஃப் 16 துவாரத்துக்கு முள் ஏறத்தாழ 1/100 வினாடியைக் காட்ட வேண்டும்.