தரவுக் கோப்பு வடிவங்களின் பெருக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் பொறிகளின் வேகத்தையும் நிரல்மொழிகளின் எழுச்சியையுமே கருத்திற் கொள்வர். தரவுகளை எழுதிவைக்கும் வடிவங்களின் வரலாறு அத்துணைக் கவனத்தைப் பெற்றதில்லை. ஆயினும் எழுதியவர் கருதிய பொருள் வாசிக்கும் பொறியைப் பிறழாது சென்றடையுமா என்ற வினா அவ்வடிவங்களிலேயே தங்கியுள்ளது. நிலைத்தள ஆக்கிகள் காலப்போக்கிற் பல தரவு வடிவங்களை ஏற்றுக்கொண்ட வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

வாசகர் கேட்கும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தை நாடிப் பக்கத்தைப் புதிதாக அமைக்காது, இணையத்தளம் முழுவதையும் முன்கூட்டியே ஆக்கிவைக்கும் செய்நிரலே நிலைத்தள ஆக்கியாகும். ரொம் பிரெஸ்ரன்-வேணர் 2008 இல் வெளியிட்ட ஜெக்கில் இவ்வகையிற் பெருஞ் செல்வாக்குப் பெற்றது. தரவுத்தளம் இன்மையால், நூற்பட்டியல், உறுப்பினர் விபரம் முதலியன சாதாரண எழுத்துக் கோப்புகளிலேயே இடம்பெற வேண்டியிருந்தன. 2013 நவம்பரில் வெளிவந்த அதன் 1.3 ஆம் பதிப்பு இத்தகைய கோப்புகளுக்கெனத் தனிக் கோப்புறையொன்றை வகுத்தது. தொடக்கத்தில் யமல் வடிவமே அங்கு முதன்மை பெற்றது. பின்னர் ஜேசன், சீ.எஸ்.வி., அதனையொத்த ரீ.எஸ்.வி. ஆகியனவும் ஏற்கப்பட்டன.

இவ்விரிவுக்குக் காரணம் வெளிப்படை. ஒவ்வொரு வடிவமும் வெவ்வேறு தேவையிலிருந்து எழுந்தது. பெறுமானங்களைக் காற்புள்ளியாற் பிரித்தெழுதும் முறை, 1970களின் முற்பகுதியிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் போர்ட்ரான் தொகுப்பியிற் காணப்பட்டது. அம்முறையே சீ.எஸ்.வி. வடிவமாக விரிதாள்களோடு அலுவலகங்களெங்கும் பரவிற்று. டக்ளஸ் குறொக்போட் 2001 அளவில் அறிமுகஞ்செய்த ஜேசன், நிரல்கள் தம்முள் தரவைப் பரிமாறுதற்கு உகந்தது. அதே ஆண்டில் தொடங்கப்பெற்று, 2004 இல் 1.0 ஆம் பதிப்பைக் கண்ட யமல், மனிதர் கையால் எழுதுதற்கு எளிதாயிருத்தலை நோக்காகக் கொண்டது. கணக்காளரின் அட்டவணையையும் நிரலரின் கோப்பையும் ஒருங்கே ஏற்க விரும்பிய ஆக்கி, ஒரு வடிவத்தோடு அமைதல் இயலாதாயிற்று.

எனினும், வடிவங்களைக் கூட்டுதல் வாசிப்பு நிரலொன்றை இணைப்பதோடு முடிந்துவிடும் பணியன்று. எண் எது, எழுத்து எது என்பதில் இவ்வடிவங்கள் தம்முள் மாறுபடுகின்றன. 010 என்னும் குறியீட்டெண்ணை எடுத்துக்கொள்வோம். யமலின் 1.1 ஆம் பதிப்பு, மேற்கோட்குறியின்றி எழுதப்பட்ட இதனை எட்டினடி எண்ணாகக் கருதி 8 என வாசிக்கும். ஜேசன் இதனை வழுவென நிராகரிக்கும். சீ.எஸ்.வி. வடிவத்தை விபரித்து 2005 இல் வெளியான ஆர்.எவ்.சி. 4180 எனும் ஆவணமோ தரவின் வகை பற்றி எதுவும் கூறவில்லை. அங்கு எண்ணா எழுத்தா என்பதை வாசிக்கும் நிரலே தீர்மானிக்கின்றது. இவ்வாறே, நாடுகளின் குறியீடுகளை நிரற்படுத்தும் ஒருவர் நோர்வேக்குரிய என், ஓ என்னும் ஈரெழுத்துகளை அப்பழைய யமலில் மேற்கோட்குறியின்றி எழுதின், அவை ஆங்கிலத்தில் ‘இல்லை’ எனும் சொல்லாகக் கொள்ளப்பட்டுப் ‘பொய்’ எனும் தருக்கப் பெறுமானமாக மாறிவிடும்.

வழுவென அறிவிக்கும் வடிவம் எழுதுவோருக்குத் தொல்லை தரலாம். ஆனால் அறிவிப்பின்றிப் பொருளை மாற்றும் வடிவமே பெரிதும் அஞ்சத்தக்கது. 2009 இல் வெளிவந்த யமலின் 1.2 ஆம் பதிப்பு இக்குறைகளைக் களைய முற்பட்டது. எனினும் பழைய விதிகளைப் பின்பற்றும் நிரல்கள் பல நிலைத்தன. யமலைத் தம் ஆக்கியிற் கையாண்ட பிரெஸ்ரன்-வேணரே 2013 இல் ரொமல் எனும் புதிய வடிவத்தை வகுத்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அதன்கண் எழுத்துத்தொடராக அமையும் பெறுமானம் மேற்கோட்குறிக்குள் அடங்கியே தீரவேண்டும், ஊகத்துக்கு இடமில்லை. அதன் 1.0 ஆம் பதிப்பு 2021 இல் வெளிவந்தது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பல வடிவங்களை ஏற்பது பயன்படுத்துவோரின் சுதந்திரத்தை விரிக்கின்றது என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் பொருளைத் தீர்மானிக்கும் பொறுப்பு, எழுதியவர் அறியாமலே பொறியிடம் கைமாறுதல் கூடாது. செய்நிரல்கள் மறைந்த பின்னரும் கோப்புகள் எஞ்சி நிற்கும். ஆதலின் புதிய வடிவமொன்றைச் சேர்ப்போர், அதனை வாசிக்க முடிகின்றதா என்பதோடு அமையாது, ஒரே தரவு எல்லா வடிவங்களிலும் ஒரே பொருளைத் தருகின்றதா என்பதையும் சோதித்தறிதல் கடனாகும்.