வைரஸ் தொற்றும் பிந்தித் தொடங்கும் மனப்பிறழ்வும்

40 வயதுக்குப் பின் முதன்முறையாகத் தோன்றும் மனச்சிதைவு (மனப்பிறழ்வில் ஒருவகை) 'பிந்தித் தொடங்குவது'. 60-ஐத் தாண்டி வருவது 'மிகப் பிந்தியது'. 2000-இல் வெளியான பன்னாட்டு நிபுணர் கருத்திசைவு தந்த பிரிப்பு இது. இந்நோய் பெண்களிடம் மிகுதி. பக்கத்து வீட்டார் சுவர் வழியே விஷவாயு விடுகிறார்கள் என்று மூதாட்டி கதவிடுக்கில் துணியை அடைத்துவைப்பது இதன் இயல்பான தோற்றம்.

மனப்பிறழ்வில் வைரஸுக்குப் பங்குண்டா என்ற கேள்வி பழையது. 1918 இன்ஃபுளுவென்சாவுக்குப் பின் மனம் பிறழ்ந்தவர்களை பாஸ்டனில் ஆராய்ந்த மனநல மருத்துவர் கார்ல் மெனிங்கர், அவர்களில் பலர் தேறிவிட்டதை 1926-இல் பதிவுசெய்தார்.

மிகத் தெளிவான சான்று ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் மூளையழற்சி. நினைவோடும் உணர்ச்சியோடும் தொடர்புள்ள பொட்டுமடலை வைரஸ் தாக்குவதால் காய்ச்சலோடு பேச்சும் நடத்தையும் மாறுகின்றன. அசைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு ஊசியை உடனே தொடங்கியாக வேண்டும். தொற்று அடங்கிய சில வாரங்களில், சிலருக்கு உடலே உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கி மாயக்காட்சிகளை வரவழைக்கின்றன. வைரஸ் போனபின்னும் நோய் தொடரக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கமில்லை.

கோவிட் தொற்றிய 2,36,379 பேரின் பதிவுகளை அலசிய 2021 ஆய்வில், ஆறு மாதத்துக்குள் 1.4 விழுக்காட்டினருக்கு மனப்பிறழ்வு பதிவாகியிருந்தது. முன்பே அந்நோய் இருந்தவர்களும் இதில் அடக்கம். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை.

முதியவரிடம் காய்ச்சலில் வரும் ஜன்னியை முதலில் பிரித்தறிய வேண்டும். ஜன்னியில் நினைவு மணிக்கு மணி தெளிந்தும் மங்கியும் போகும். மனப்பிறழ்வில் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். வயதுக் கோளாறு என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதால் எம்.ஆர்.ஐ., தண்டுவட நீர்ப் பரிசோதனை ஆகியவை தாமதமாவது மிக வருந்தத்தக்கது.